மூன்றாம் மைல் வேகன்

ஆவடிக்கு மேற்கே, சேக்காட்டைத் தாண்டி, மேல்காடு வரைக்கும் ஐந்து மைல் நீளத்துக்கு ஒரு மரரயில் பாதை இருந்தது. பாதை என்று இருந்தால் அதற்கு ஒரு வாரியம் இருக்கத்தானே வேண்டும்? இருந்தது. 'மேற்குக் காட்டு மரச்சரக்கு இருப்புப்பாதை நிர்வாக வாரியம்' என்று பெயர். ஒரே சுவரில் எழுத இடம் போதாமல், மூலை திரும்பி அடுத்த சுவரிலும் எழுதியிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது, அதனால் 'மரரயில் ஆபீஸ்' என்பார்கள்.

ஆபீஸில் நாற்பத்திரண்டு பேர். எஞ்சின் ஒன்று. மேல்காட்டில் தேக்கும் சவுக்கும் வெட்டி வேகனில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவருவது வாரியத்தின் தொழில். ஆனால் அறுபத்திநாலாம் வருஷத்து மழைக்குப் பிறகு அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. ஓடாததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அந்த வருஷத்திலிருந்து பாதையில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்பதைத்தான் சொன்னார்கள். 'விபத்தில்லாப் பாதைக் கேடயம்' ஆறு வருஷமாக மேனேஜர் அறையில் வரிசையாகத் தொங்கியது. இத்தனைக்கும் கேடயத்துக்குப் போட்டியிட்டது இந்த ஒரு பாதைதான்.

அந்தப் பாதையில் தினமும் நடந்த ஒரே ஜீவன் துலுக்கானம். கீமேன் வேலை. தோளில் நீளக் கைப்பிடிச் சுத்தியல், இடுப்பில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி. காலையில் சேக்காட்டுப் பக்கம் புறப்பட்டு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளைத் தட்டி இறுக்கிக்கொண்டே மேல்காடு வரை போய்த் திரும்ப வேண்டும். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. வருகிற ஆவணி இருபதாம் தேதி அவனுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் வேலை நிரந்தரமானால் உண்டு, இல்லாவிட்டால் சுத்தியலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் மனைவி தாயம்மா இந்த ஆவணி இருபதை எமகண்டம் மாதிரி காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரந்தரமாவதற்கு ஒரு விதி குறுக்கே நின்றது. ரோந்துப் புத்தகத்தில் அன்றன்றைய நிலவரத்தைத் தன் கைப்படத் தமிழில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை குமாஸ்தாவே 'பாதை நலம்' என்று எழுதி வைப்பார், துலுக்கானம் கட்டைவிரலை வைப்பான். பதினோரு வருஷமும் பாதை நலமாகவே இருந்தது. இப்போது விதிக்காக அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாதா கோவில் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஞானகுமாரி டீச்சரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டான். எட்டு மாதத்தில் எழுத வந்துவிட்டது. டீச்சர் நல்லவள். கண்ணால் கண்டதை எழுது, அதுதான் எழுத்துக்கு அழகு என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அவளுக்கு வாரியத்தைப் பற்றித் தெரியாது.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, துலுக்கானம் முதல் முறையாகத் தன் கையால் ரோந்துப் புத்தகத்தில் எழுதினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, அரைமணி நேரம் எழுதினான்.

'மூனாம் மைலில் ஒரு வேகன் நிக்கிது. அதில் தேக்கு மரம் கீது. சைடு கம்பம் தளிர் உட்டு பூவரச மரம் ஆயிட்சி. கொக்கு கூடு கட்டிகீது.'

அத்தனையும் உண்மை. அறுபத்திநாலு மழையில் சக்கரம் இறுகிப்போய், கடைசியில் இருந்த அந்த ஒரு வேகனை மட்டும் கழற்றி நடுப்பாதையிலேயே விட்டுவிட்டு ரயில் வந்துவிட்டது. அடிமரங்கள் உருளாமல் இருக்க வேகனின் இரண்டு பக்கமும் பச்சைப் பூவரசங்கம்பங்களை நட்டிருந்தார்கள். பூவரசு சும்மா இருக்குமா? தரையைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, மேலே இலை விட்டு, ஆறு வருஷத்தில் வேகனைச் சுற்றி ஒரு தோப்பே நின்றது. அதனால்தான் ரயில் ஓடவில்லை. ஆனால் ஆபீஸ் ரிஜிஸ்தரில் அந்த வேகன் அறுபத்திநாலு நவம்பர் ஒன்பதாம் தேதி மாலை நாலரைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பாதை ஆய்வாளர் ரகுநாதன் ஆள் அனுப்பினார். துலுக்கானம் உள்ளே போனபோது ரோந்துப் புத்தகம் மேஜைமேல் திறந்து கிடந்தது. ரகுநாதன் அதைத் தொடவில்லை. பென்சில் நுனியால் தள்ளிக் காட்டினார்.

"இதை எழுதச் சொன்னது யார்?"

"நானேதான் எய்தினேன் சார். கைப்பட எய்தணும்னு ரூல் கீதே."

"ரூல் எழுதத் தெரியணும்னுதான் சொல்லுது. எழுதணும்னு எங்கே சொல்லுது?" ரகுநாதன் குரலைத் தாழ்த்தினார். "பதினோரு வருஷமா ஒண்ணும் இல்லாத பாதையில திடீர்னு ஒரு வேகன் வருது. உனக்குப் பின்னால யார் இருக்கான்?"

துலுக்கானம் திரும்பிப் பார்த்தான். பின்னால் கதவுதான் இருந்தது.

"ஆறு வருசமா அங்கதான் சார் நிக்கிது. நீங்களே பார்த்துகீறீங்களே."

"நான் பார்த்ததுக்கு ரிக்கார்டு இருக்கா?"

இல்லைதான். துலுக்கானத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாதையில் வேகன் நிற்பது இவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஒருத்தன் அதை எழுதிவிட்டான் என்பதுதான் இவர்களுக்குப் புதிது. எழுதினவன் எதற்காக எழுதினான், அடுத்து என்னத்தை எழுதுவான் என்று ஆபீஸ் முழுக்க அன்றைக்கே பேச்சாகிவிட்டது. அவன் தண்ணீர் குடிக்கப் பானைப் பக்கம் போனால்கூட, குமாஸ்தாக்கள் தங்கள் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார்கள்.

வியாழக்கிழமை நேரடி ஆய்வு. நாலு ஆள் தள்ளும் டிராலியில் நடுவில் ரகுநாதனும், பக்கத்தில் கண்காணிப்பு அதிகாரி கோவிந்தராஜும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். தன் வீட்டுப் பால்காரனைக்கூட எழுத்துமூலம் விசாரித்தவர் என்று சொல்வார்கள். துலுக்கானம் டிராலிக்குப் பின்னால் ஓடிவந்தான்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி மூன்றாம் மைல் வந்தது. எதிரில் வேகன், அதைச் சுற்றிப் பூவரசுகள். மஞ்சள் பூவெல்லாம் தண்டவாளத்தின்மேல் கொட்டிக் கிடந்தது. டிராலி வேகனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் கோவிந்தராஜ்.

டிராலி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் முனியன், விவரமானவன். "கால் வலிக்கிது சார்" என்றான்.

"சரி, இறங்கி ஓய்வெடுங்க."

அதிகாரிகள் இருவரும் இறங்கினார்கள். ஆட்கள் டிராலியைத் தூக்கித் தோளில் வைத்து, கருவேல முள்ளில் கால் கிழிய, வேகனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தண்டவாளத்தில் வைத்தார்கள். அதிகாரிகள் வேட்டைக்குப் போகிறவர்கள் மாதிரி குனிந்து, கிளைகளை விலக்கி, மறுபக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கோவிந்தராஜின் தொப்பியில் கொக்கு எச்சமிட்டது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் கொக்கு இருப்பதை ஒத்துக்கொண்ட மாதிரி, கொக்கு இருந்தால் கூடு, கூடு இருந்தால் மரம், மரத்துக்கு அடியில் வேகன். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இன்னைக்குத் தூறல் போடும் போலிருக்கு" என்றார்.

திரும்பி வரும்போதும் அதேபோல் தூக்கிச் சுமந்தார்கள். அறிக்கை அன்று மாலையே தயார். 'ஐந்து மைலும் டிராலியில் சென்று பார்வையிடப்பட்டது. தடை ஏதும் இல்லை. இடையில் லேசான தூறல்.'

மறுநாள் விசாரணை. துலுக்கானம் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான், அல்லது செய்ததாக நினைத்தான். ஆதாரத்துக்காக வேகனிலிருந்து ஒரு பூவரசங்கிளையையும், தேக்கில் ஒரு சிராயையும் ஒடித்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தான்.

கோவிந்தராஜின் முகத்தில் அன்றுதான் முதல் தடவையாக மலர்ச்சி கண்டது.

"இது வாரியத்துக்குச் சொந்தமான மரமா?"

"ஆமா சார். அந்த வேகன்ல கீற மரம்தான்."

"அப்போ வாரியச் சொத்தைத் திருடினதுக்கு நடவடிக்கை. எழுதிக்கோங்க."

"அய்யோ, இல்ல சார்."

"இல்லைன்னா, இல்லாத வேகனை இருக்குன்னு பொய் எழுதினதுக்கு நடவடிக்கை. அதையும் எழுதிக்கோங்க. உனக்கு எது வசதியோ சொல்லு. இது சர்வாதிகார நாடு இல்லை, ஜனநாயகம். தேர்ந்தெடுக்கிற உரிமை உனக்கு இருக்கு." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன்மேல எனக்கு விரோதமில்லை, துலுக்கானம். நான் யாரையும் நம்புறதில்லை, அவ்வளவுதான். இந்த ஆபீஸ்ல நாற்பத்திரண்டு பேர். ஒருத்தனும் ஒரு வேலையும் செய்யலை, அதனால ஒருத்தனும் ஒரு தப்பும் செய்யலை. ஆறு வருஷமா எனக்கு ஒரு கேஸ் கிடையாது. நீ ஒருத்தன்தான் தினமும் அஞ்சு மைல் நடக்கிறே. ஒருத்தன் தினமும் வேலை செய்யறான்னா அவன்மேல சந்தேகம் வராதா? நீயே சொல்லு."

துலுக்கானத்துக்கே தன்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. கிளையையும் சிராயையும் காகிதப்பையில் போட்டு அரக்கு வைத்துச் சீல் வைத்தார்கள். பையின்மேல் என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்து, கடைசியில் 'ஒன்றுமில்லை, இரண்டு உருப்படி' என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து தாயம்மாவிடம் சொன்னான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எய்தச் சொல்றாங்கோ?"

"வேகன் இல்லன்னு எய்திக் குடுத்தா கேஸ் கிடையாதாம். பர்மனென்ட் ஆர்டரும் குடுத்துடுவாங்களாம்."

"எய்திக் குடுத்துடு."

"கண்ணுக்கு நேரா நிக்கிது தாயம்மா."

"நிக்கிட்டுமே. நீ எய்தினா அது நிக்காம பூடுமா, எய்தாங்காட்டி பூடுமா? அதுபாட்டுக்கு அது நிக்கும். நம்ம பாடு இன்னா ஆவும், அத்த யோசி." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஆவணிக்கு இன்னும் நாப்பது நாளு கீது. அப்பால இந்த வயசுல உன்ன எவன் வேலைக்கு வச்சுக்குவான்? அம்பத்தூர்ல கம்பெனி கம்பெனியா வருது, அல்லாத்துக்கும் சின்னப் பசங்களத்தான் எடுக்கறான்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் அவனுக்கு வருத்தமாக இருந்தது. எட்டு மாதம் கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றுக்கொண்டவன், மறுநாள் போய், 'மூனாம் மைலில் வேகன் இல்லை. நான் பார்த்தது என் கண் கோளாறு' என்று தன் கைப்பட எழுதிக்கொடுத்தான். கையெழுத்து அழகாக இருப்பதாக ரகுநாதன் பாராட்டினார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதுவே துலுக்கானத்துக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஆபீஸில் ஒரு பேனாவுக்கு மை வாங்க மூன்று மாதம் ஆகும். அவனுடைய உத்தரவோ ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. ஆவணி பதினெட்டாம் தேதி வாரியத்துக்கு வெள்ளி விழா. தலைவர் பட்டணத்திலிருந்து வருகிறார். விழாவை மேல்காட்டில் வைத்து, அங்கேயே அவர் கையால் உத்தரவு கொடுப்பதாக ஏற்பாடு. தலைவரும் ஊழியர்களும் மேல்காட்டுக்கு எப்படிப் போவார்கள்?

"ரயிலில்தான்" என்றார் தலைவர், கடிதத்தில். "நம் பாதையில் நாம் போகாமல் வேறு யார் போவார்கள்?"

ஆபீஸில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேகன் நிற்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்கிறவன் கதி என்ன என்பதை ஆபீஸ் இப்போதுதான் துலுக்கானத்தை வைத்துப் பார்த்திருந்தது. ரகுநாதன் சொல்வார் என்று கோவிந்தராஜ் காத்திருந்தார், கோவிந்தராஜ் சொல்வார் என்று ரகுநாதன் காத்திருந்தார். எஞ்சினுக்கு எண்ணெய் போட்டு, இரண்டு பெட்டி கோத்து, வாழைமரம் கட்டினார்கள். பழைய டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டதால், வெளியிலிருந்து செபாஸ்டியன் என்ற டிரைவரை ஒரு நாளைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குப் பாதை புதிது. ஆய்வறிக்கையைப் படித்தார், தடை ஏதும் இல்லை என்றிருந்தது. நல்ல வேகமாகப் போகலாம் என்று சந்தோஷப்பட்டார்.

பதினெட்டாம் தேதி காலை, ரயிலுக்கு முன்னால் பாதையைப் பார்த்து வரும்படி துலுக்கானத்தை அனுப்பினார்கள். அவன் மூன்றாம் மைலுக்கு வந்து வேகனுக்கு முன்னால் நின்றான். தூரத்தில் புகை தெரிந்தது. தலைவரை வைத்துக்கொண்டு, வேகன் இருக்கிற பாதையில் ரயில் விடுவார்கள் என்று அவன் கடைசி நிமிஷம்வரை நம்பவில்லை. இது தனக்கு வைத்த சோதனை, வழியிலேயே நிறுத்தித் திரும்பிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தான். புகை கிட்டே கிட்டே வந்தது.

சிவப்புக் கொடியை எடுத்தால் வேகன் இருக்கிறது என்று ஆகிவிடும். தன் கைப்பட இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். உத்தரவு தலைவரின் பையில், அந்த ரயிலில்தான் வருகிறது. பச்சைக் கொடியைக் காட்டினால் எல்லாம் காகிதப்படி நடக்கும், நாற்பது பேர் செத்துப்போவார்கள். அதில் முப்பத்தொன்பது பேரைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் எஞ்சினிலிருந்து யாரென்றே தெரியாத செபாஸ்டியன் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே கையாட்டினார். துலுக்கானத்தின் கை தானாகச் சிவப்பை உருவி விரித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றான்.

எஞ்சின் அலறிக்கொண்டே வந்து, அவனுக்கு நாலு முழத்தில் நின்றது.

பெட்டிகளில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்து இறங்கினார்கள். ரகுநாதனும் கோவிந்தராஜும் கடைசிப் பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து வந்தார்கள். இருவர் மடியிலும் ஆளுக்கொரு தலையணை இருந்தது என்று முனியன் பிறகு சொன்னான். தலைவர் மாலையைச் சரிசெய்துகொண்டு வேகனை மேலும் கீழும் பார்த்தார். பூவரசையும் கொக்கையும் பார்த்தார்.

"ரயிலை ஏன் நிறுத்தினாய்?"

"சும்மாதான் சார்" என்றான் துலுக்கானம்.

தலைவர் விவரமானவர், இல்லாவிட்டால் தலைவராகியிருக்க முடியாது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எஞ்சினின் படிக்கட்டில் ஏறி நின்று பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, இருபத்தைந்து ஆண்டுகளில் நம் வாரியம் கண்ட வளர்ச்சியைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருக்கிறது. ரயில் போகும் இடத்துக்கெல்லாம் பாதை நீள வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் புத்தி. ரயில் நிற்கும் இடமே பாதையின் முடிவு என்பதுதான் நம் புத்தி. இந்த இடத்தை நம் பாதையின் கடைசி நிலையமாக அறிவிக்கிறேன். இதற்கு அப்பால் பாதை இல்லை. ஆகவே அப்பால் உள்ளது எதுவும் பாதையில் இல்லை. நம் அறிக்கைகள் அனைத்தும் இன்றும் உண்மையாகவே இருக்கின்றன."

கைதட்டல் ஓயவே இல்லை. கோவிந்தராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேகனின் நிழலில் பாய் விரித்து விழாவை நடத்தினார்கள், பூவரச இலையில் கேசரி வைத்துச் சாப்பிட்டார்கள். தலைவர் தன் கையாலேயே துலுக்கானத்துக்கு நிரந்தர உத்தரவைக் கொடுத்து, மாலையையும் கழற்றிப் போட்டார். துலுக்கானம் உத்தரவை மூன்று தரம் படித்தான். தன் பெயர்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் என்னவோ நெருடியது.

நெருடியது நாலே நாளில் தபாலில் வந்தது. இந்தத் தடவையும் அவனே படித்தான், தாயம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பாதை ஐந்து மைலிலிருந்து மூன்று மைலாகக் குறைந்துவிட்டது. நாலு மைலுக்குக் குறைந்த பாதைக்குக் கீமேன் பதவி விதிகளில் இல்லை. ஆகவே பதவி ரத்து. சுத்தியலையும் கொடிகளையும் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். காரணமின்றி ரயிலை நிறுத்தியது குறித்துத் தனியாக விசாரிக்கப்படும்.

தாயம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாப்பது உசுர காப்பாத்தினவனுக்கா?" என்றாள். அவள் அழுவதைத் துலுக்கானம் கல்யாணமான நாளிலிருந்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். கடிதத்தின் மிச்சத்தைப் படித்தான்.

"'மூன்றாம் மைலுக்கு அப்பால் உள்ள நிலம், தண்டவாளம் மற்றும் இதர பொருள்கள் எதுவும் வாரியத்துக்குச் சொந்தமானவை அல்ல. எக்காலத்திலும் இருந்ததில்லை. அவை குறித்து வாரியத்துக்கு யாரும் எழுதக்கூடாது.'"

தாயம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு தபா படி."

படித்தான்.

"அப்ப அந்தத் தேக்கு யாருது?"

"யாருதும் இல்ல. இதுல இன்னாவோ சூது கீது தாயம்மா."

"சூது கெடக்கட்டும். தேக்கு கீது. எந்திரி."

மறுநாள் காலை இருவரும் இரட்டைப்பிடி ரம்பத்தோடு போனார்கள். முதல் வாரம் துலுக்கானம் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் மூன்று தடவை பாதையைத் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. காட்டுப்பாக்கத்துத் தச்சர்கள் மாட்டுவண்டியில் வந்து எடுத்துப் போனார்கள். ஆறு வருஷம் வெயிலிலும் மழையிலும் பதமான தேக்கு, இழைத்தால் வெண்ணெய் மாதிரி வருகிறது என்று அயனம்பாக்கம் வரைக்கும் பேச்சாகிவிட்டது. ஐப்பசியில் தாயம்மா வீட்டுக்கு ஓடு மாற்றினாள். பூவரசை மட்டும் வெட்ட வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். கொக்கு குஞ்சு பொரித்திருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் டிராலி வந்தது. கடைசி நிலையத்தில் நின்றது. ரகுநாதன் மட்டும் இறங்கினார். தள்ளிவந்தவர்களை அப்பாலே போகச் சொன்னார். ரம்பத்தின் ஒரு பிடியில் துலுக்கானம், மறுபிடியில் தாயம்மா. நடுவில் பாதி அறுத்த அடிமரம். ரகுநாதன் அதைப் பார்க்காமல் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். செருமினார்.

"ஆவடியில வீடு கட்டறேன், துலுக்கானம்."

"சந்தோசம் சார்."

"எல்லாம் முடிஞ்சுது. வாசல்நிலைதான் பாக்கி." அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு எட்டு கிட்டே வந்தார். குரல் ரகசியமாயிற்று. "அந்த மரத்துல ஒரு துண்டு கிடைச்சா நல்லாருக்கும்."

தாயம்மா ரம்பத்தை நிறுத்தினாள். துலுக்கானம் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்து, ரகுநாதனின் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"எந்த மரம் சார்?" என்றான்.